சொல்லும் சுமையும்

விழா என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே உள்ளம் துள்ளுகின்றது. புத்தாடையும், இனிய உணவும், உறவினர் வருகையும் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் விழா நாள் ஒன்று. அதற்கு முற்பட்ட நாள்களோ பல. அந்நாள்களில் இல்லத்தை நடத்துவோர் தோளில் ஏறும் சுமையை, விழாவில் மகிழ்வோர் பலரும் காண்பதில்லை. பானையிலிருந்து பொங்கி வழியும் பாலைக் காண எல்லாரும் கூடுவர். பானையின் கீழே எரியும் விறகைப் பற்றி எண்ணுவார் சிலரே. மகிழ்ச்சிக்கென்று வகுத்த நாளே மனத்தாங்கலுக்கும் கடுஞ்சொல்லுக்கும் இடமாகிவிடுதல் பல இல்லங்களில் காணும் காட்சியாகும்.

இச்சுமையைக் குறைக்கும் வழிகள் பல. வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல் ஒரு வழி. செலவைச் சுருக்குதல் மற்றொரு வழி. தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த வேறொரு வழியும் உண்டு. அதற்குக் காசும் வேண்டா, கருவியும் வேண்டா, நாக்கு ஒன்றே போதும். அதுவே சொல் விளையாட்டு. விடுகதையும், சிலேடையும், நாவைத் தடுமாற வைக்கும் தொடர்களும் சிறுவர் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். அவை பெரியோர் மனத்தின் முடிச்சையும் அவிழ்க்க வல்லவை. காவிரி பாயும் நாட்டில் ஒரு சிற்றூரில், ஓர் உழவர் இல்லத்தில் நிகழ்ந்தது இதனை விளக்கும்.

அவ்வில்லத்தில் பெரியவர் ஒருவர் வாழ்ந்திருந்தார். தை பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவர் தம் பேரப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டுவார். “இன்ன வேலையை நீ செய்” என்று அவர் ஏவுவதில்லை. ஒவ்வொரு வேலையையும் ஒரு விடுகதைக்குள் ஒளித்து வைத்துக் கேட்பார். “கையில் பிறந்தாள், வாசலில் வளர்ந்தாள், எறும்புக்கு விருந்தானாள், யார்?” என்பார். “கோலம்!” என்று எவள் முதலில் கூவுகின்றாளோ, அவளே கோலத்திற்கு அரிசி மாவு இடிக்க வேண்டும். “முடிச்சுகள் பல உண்டு, விரலுக்கு அவிழா, பல்லுக்கு அவிழும், யார்?” என்பார். “கரும்பு!” என்றவன் தந்தையோடு கரும்பு வாங்கச் செல்ல வேண்டும். விடை கூறுவதே வேலையை ஏற்றுக்கொள்வதாகும் என்பது அவர் வகுத்த சட்டம். வேலை கிடைத்துவிடும் என்று தெரிந்தும் பிள்ளைகள் முந்திக்கொண்டு விடை கூறினர். வென்றவனுக்கு வேலை பரிசாயிற்று.

அப்பெரியவர் ஒரு மார்கழியில் காலமானார். அடுத்து வந்த பொங்கலை அவ்வில்லத்தார் கொண்டாடவில்லை. ஓராண்டு கழிந்தது. மீண்டும் தை நெருங்கியது. விழாவை விடாது நடத்த வேண்டும் என்று உறவினர் கூறினர். கணவரை இழந்த மூதாட்டியோ கூடத்தின் மூலையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் ஓரிரு சொற்களில் விடை கூறி, நாளைக் கழித்து வந்தார்.

வேலை முழுவதும் மருமகள் தலையில் விழுந்தது. சுவர்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பரண்மீது கிடந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளியிட்டுத் துலக்க வேண்டும். பச்சரிசியைப் புடைக்க வேண்டும். வெல்லத்தைப் பொடிக்க வேண்டும். மாடுகளுக்குப் புதுக் கயிறு திரிக்க வேண்டும். போகி நாள் மாலையில் நாத்தனார் தம் மூன்று குழந்தைகளோடு வருவதாகக் கடிதமும் வந்திருந்தது. கணவர் நாள் முழுவதும் அறுவடைக் களத்தில் இருந்தார். பதினான்கு வயது மகளும், பதினொரு வயது மகனும் உதவத்தான் செய்தனர். ஆயினும் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்று எண்ணி எண்ணி அவ்வம்மையாரின் உள்ளம் இறுகிப் போயிற்று. சுமையைவிடச் சுமையைப் பற்றிய எண்ணமே மிகுதியாக அழுத்தியது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னர், கூடத்தில் வெள்ளையடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சிறிது நீலம் கலந்த சுண்ணாம்பு நீர் ஒரு வாளி நிறைய இருந்தது. மட்டையை எடுக்க ஓடிய சிறுவனின் கால் வாளியில் இடித்தது. வாளி கவிழ்ந்தது. சுண்ணாம்பு நீர் கூடமெங்கும் பாய்ந்து, துலக்கி வைத்திருந்த பாத்திரங்களையும் தொட்டது.

தாய் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். “காலையிலிருந்து செய்த வேலை எல்லாம் பாழாயிற்றே! இந்த வீட்டில் எல்லாம் என் தலையில்தான் விழுகிறது!” என்று கூவினாள்.

சிறுவன் அஞ்சினான். அச்சத்தை மறைக்க அவனுக்கு ஒரு குறும்புச் சொல் கைகொடுத்தது. “உன் தலையில் விழவில்லையே அம்மா! தரையில்தானே விழுந்தது?” என்றான்.

அது நகைச்சுவைதான். ‘தலையில் விழுதல்’ என்னும் தொடருக்கு இருபொருள் கண்டு சொன்ன சொல்தான். ஆயினும் ஒருவரும் நகைக்கவில்லை. தாயின் கண்களில் நீர் நிறைந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தமக்கை தம்பியைச் சினந்து நோக்கினாள். தான் அடித்தது வாளியை மட்டுமன்று என்று அப்போதுதான் சிறுவனுக்குப் புரிந்தது.

வீடு சிறிது நேரம் ஓசையின்றி இருந்தது. அவ்வேளையில் கூடத்தின் மூலையிலிருந்து ஒரு தளர்ந்த குரல் எழுந்தது. “நெருப்பில் வெந்தான், நீரில் கொதித்தான், சுவரில் ஏறிச் சிரித்தான், யார்?” என்று உன் தாத்தா ஆண்டுதோறும் கேட்பார். இவ்வாண்டு அவனுக்குச் சுவரில் ஏறப் பொறுமை இல்லை போலும்! தரையில் படுத்துக்கொண்டே சிரிக்கிறான். அவன் யார், தம்பி?” என்றார் மூதாட்டி.

அனைவரும் திரும்பிப் பார்த்தனர். ஓராண்டுக் காலமாக அக்குரல் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போலக் கூறியதில்லை. தரையைப் பார்த்தனர். சுண்ணாம்பு நீர், பல் தெரியச் சிரிப்பவனைப் போல, வெண்மையாகப் பரந்து கிடந்தது.

“சுண்ணாம்பு, பாட்டி!” என்றான் சிறுவன், மெல்லிய குரலில்.

“விடை சொன்னவன் வேலையை ஏற்க வேண்டும். அது உன் தாத்தாவின் சட்டம் அன்றோ?” என்றார் பாட்டி.

சிறுவன் கந்தல் துணியை எடுத்து வந்து துடைக்கத் தொடங்கினான். தமக்கை பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற தாயின் தோள்கள் குலுங்கின. அவள் அழுகின்றாள் என்று சிறுவன் எண்ணினான். அவள் திரும்பியபோது கண்ணில் நீரும் வாயில் சிரிப்பும் ஒருங்கே இருந்தன. “பொங்கலுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அத்தை! நான் இன்றே பொங்கிவிட்டேன்” என்றாள் அவள். அதைக் கேட்டு மூதாட்டியும் நகைத்தார். நகைத்துக்கொண்டே முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இச்சிறு நிகழ்ச்சியில் எண்ணிப் பார்க்கத்தக்கன சில உண்டு.

சிறுவன் சொன்னதும் விளையாட்டுச் சொல். பாட்டி சொன்னதும் விளையாட்டுச் சொல். முன்னது புண்ணாக்கியது, பின்னது ஆற்றியது. இவ்வேற்றுமை எதனால் வந்தது? சிறுவனின் சொல் தாயின் துன்பத்தை எடுத்து, அதைக்கொண்டே அவளை மடக்கியது. பாட்டியின் சொல் தாயையும் தொடவில்லை, சிறுவனையும் தொடவில்லை. கவிழ்ந்து கிடந்த சுண்ணாம்பையே குற்றவாளி ஆக்கிற்று. தவறு செய்தவனுக்கு மானம் காத்து, அவன் கையில் ஒரு துணியையும் தந்தது. விளையாட்டுச் சொல்லின் கூர்முனை ஆளை நோக்கின் அது அம்பாகும். சுமையை நோக்கின் அதுவே நெம்புகோலாகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்து, அவற்றுள் முதலாவதாக நகையை வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களும் நான்கு என்றார். எள்ளலும் அவற்றுள் ஒன்று. இளமையும் அவற்றுள் ஒன்று. பிறரை இகழ்ந்தும் நகைக்கலாம். குழந்தை உள்ளத்தோடும் நகைக்கலாம் என்பது இதனால் விளங்கும். சோர்ந்திருப்போர் முன்னிலையில் எள்ளலை விலக்கி, இளமையின் நகையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. இங்கே பதினொரு வயதுச் சிறுவன் எள்ளலைக் கைக்கொண்டான். எழுபதைக் கடந்த மூதாட்டி இளமையைக் கைக்கொண்டார்!

சொல் விளையாட்டு உள்ளத்தை எவ்வாறு மாற்றுகின்றது? பரபரப்பில் இருக்கும் மனம் ஒரு பொருளை ஒரே கோணத்தில் காண்கின்றது. கவிழ்ந்த சுண்ணாம்பு அதற்கு இழப்பாக மட்டுமே தோன்றும். விடுகதை அதே பொருளுக்கு வேறோர் உருவம் தருகின்றது. அவ்வுருவத்தைக் காண மனம் ஒரு கணம் நிற்க வேண்டியுள்ளது. ஓடிக்கொண்டிருந்த மனத்திற்கு அந்த ஒரு கணமே ஓய்வாகின்றது. சிலேடையும் இத்தகையதே. ஒரு சொல்லுக்குள் இரு பொருள் இருப்பதைக் கண்ட மனம், ஒரு நிலைமைக்குள்ளும் இரண்டாவது பொருள் ஒன்று இருக்கலாம் என்று எண்ணத் தொடங்குகின்றது. ‘பொங்குதல்’ சினத்திற்கும் உரிய சொல். விழாவிற்கும் உரிய சொல். தன் சினத்தையே அத்தாய் அச்சொல்லில் ஏற்றி நகைத்தபோது, சினம் தன் கடுமையை இழந்தது. அதே சொல்லை அந்நேரத்தில் பிறர் ஒருவர் அவளைப் பார்த்துக் கூறியிருந்தால் அது சுட்டிருக்கும். தன்னைக் குறித்துத் தானே சொல்லிக்கொள்ளும் நகைச்சுவைக்கு நச்சுப்பல் இல்லை.

தமிழ் மொழியில் இவ்விளையாட்டுக்குத் தொன்மையான இடம் உண்டு. இன்று விடுகதை என வழங்குவதைத் தொல்காப்பியம் பிசி என்று பெயரிட்டுச் செய்யுளியலில் வைத்துப் பேசுகின்றது. அணியிலக்கணம் கூறும் தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரிமொழிச் சிலேடை என்றும் வகுத்துக் காட்டுகின்றது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர், பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிப் பாடும் திறம் உடையவராக விளங்கினார். புலவர் அவையில் விளங்கிய அக்கலைதான் வேறு உருவில் திண்ணையிலும் களத்திலும் உலவியது.

பொதுமக்களின் அன்றாடப் பேச்சிலும் இத்தகைய சொல்மாற்றம் உண்டு. புறப்படுவோர் “போகிறேன்” என்னாது “போய் வருகிறேன்” என்பர். “விளக்கை அணை” என்னாது “விளக்கைக் குளிரவை” என்பர். நன்னூல் இதனை மங்கலம் என்று பெயரிட்டு, இடக்கரடக்கல், குழூஉக்குறி என்பவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கில் அடக்கும். அவ்வுழவர் இல்லத்திலும் இவ்வழக்கு இருந்தது. போகிக்கு முதல்நாள் மாலை, அரிசிப் பானையைத் திறந்து பார்த்த மகள், “பச்சரிசி போதாதே! பானையில் ஒன்றும் இல்லையே!” என்று பதறினாள்.

“‘இல்லை’ என்று சொல்லாதே, கண்ணே! ‘நிறைந்திருக்கிறது’ என்று சொல்” என்றார் பாட்டி.

“எது நிறைந்திருக்கிறது, பாட்டி?” என்று கேட்டான் சிறுவன்.

“இடம் நிறைந்திருக்கிறது, அரிசி கொட்டுவதற்கு!” என்றார் பாட்டி.

அனைவரும் நகைத்தனர். ‘நிறைந்திருக்கிறது’ என்று கூறியதனால் பானை நிறைந்துவிடவில்லை. களத்திலிருந்து திரும்பிய தந்தையார் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். ஆயினும் அவர் முகம் வாடாமல் புறப்பட்டார். சொல் செய்யும் உதவி அவ்வளவே. அது பானையை நிரப்பாது. பானையை நிரப்பச் செல்பவருக்குத் துணை செல்லும்.

இவ்வெல்லையை மறத்தல் கூடாது. வேலை செய்து களைத்தவர் முன்னே, கையைக் கட்டிக்கொண்டு நகைச்சுவை பேசுதல் உதவியாகாது. அது மற்றுமொரு சுமையாகும். பெரியவரின் விடுகதையில் ஒரு சட்டம் இருந்தது: விடை கூறியவன் வேலை செய்ய வேண்டும். அச்சட்டமே அவ்விளையாட்டின் உயிர். சிரித்த வாயோடு உழைக்கும் கையும் சேர்ந்ததனால்தான் அவ்வில்லத்தில் சுமை குறைந்தது. வேலைகளின் எண்ணிக்கை அன்று ஒன்றுகூடக் குறையவில்லை. வேலை செய்யும் கைகளே பெருகின.

மறுநாள் மாலையில் நாத்தனார் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார். “அண்ணி, நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தார். அவரும் அத்திண்ணையில் விடுகதை கேட்டு வளர்ந்தவர் அன்றோ! சர்க்கரைப் பொங்கலுக்கு ஏலக்காய் உரிக்கும் வேலை குழந்தைகளுக்கு வந்தது. சிறிய காய்; சிறிய விரல்; விரைவில் சலிக்கும் வேலை. சலிப்பு எழுமுன் தமக்கை ஒரு தொடரைக் கட்டினாள்: “ஏழைக் கிழவர் ஏழு கிளிக்கு எழுபது ஏலம் அளித்தார்.” இதனை மூன்று முறை விரைந்து கூற வேண்டும், நாக்குத் தவறினால் ஐந்து காய்களைக் கூடுதலாக உரிக்க வேண்டும். ழகரமும் ளகரமும் லகரமும் குழந்தைகளின் வாயில் மோதி உருண்டன. கிழவர் கிளவர் ஆனார்; கிளி கிழி ஆயிற்று. சிரிப்புக்கிடையே ஏலக்காய் முழுவதும் உரிந்துபோயிற்று. சிறப்பு ழகரமும் சிலருக்கு அன்று படிந்தது.

போகி விடியலில், பழம் பாய்களையும் கிழிந்த கூடைகளையும் வீதியில் குவித்து எரித்திருந்தனர் ஊரார். அந்தச் சாம்பலைப் பார்த்தவாறே தாய் தன் மாமியாரிடம், “‘எல்லாம் என் தலையில்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அத்தை; அதையும் அதில் போட்டிருக்கலாம்” என்றாள். “போட்டாயிற்று, அம்மா! அது கூடையைவிடப் பழையது, முதலில் எரிந்திருக்கும்” என்றார் மூதாட்டி.

தை முதல் நாள் காலையில், முற்றத்தில் புதுப்பானை ஏறியது. அதன் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் விளங்கின. பால் பொங்குவதற்காக அனைவரும் காத்து நின்றனர். அவ்வேளையில் சிறுவன் பாட்டியின் அருகே சென்று, “பாட்டி, நானே ஒரு விடுகதை செய்திருக்கிறேன், சொல்லட்டுமா?” என்றான்.

“சொல்” என்றார் பாட்டி.

“பிறர் பொங்கினால் வீடு அஞ்சும்; இவள் பொங்கினால் வீடு மகிழும்; யார்?”

கேட்டுக்கொண்டிருந்த தாய், பாட்டிக்கு முன்னே, “பொங்கற்பானை!” என்று விடை கூறிவிட்டாள். சிறுவன் தயங்கித் தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள்களுக்கு முன் சொன்ன சொல்லுக்கு அவன் கேட்ட மன்னிப்பு அது என்பதை அவள் அறிந்தாள். “விடை சொன்னவர் வேலை செய்ய வேண்டும், அம்மா! பானையை நீதான் இறக்க வேண்டும்” என்றான் அவன். “இறக்குகிறேன், ஆனால் மறுபக்கம் நீ பிடிக்க வேண்டும்” என்றாள் தாய்.

பால் பொங்கி வழிந்தது. “பொங்கலோ பொங்கல்!” என்னும் ஒலி முற்றத்தை நிறைத்தது. அவ்வொலியில் மூதாட்டியின் குரலும் கலந்திருந்தது. அவர் துயரம் மறைந்துவிட்டது என்று கூற முடியாது. கணவரின் விடுகதையைத் தம் வாயால் கூறியபோது, அவரை இழந்த வீட்டில் அவருடைய சொல் இழக்கப்படவில்லை என்னும் ஆறுதல் அவருக்குக் கிட்டியது.

நகைத்து மகிழ வல்லர் அல்லாதார்க்கு இப்பெரிய உலகம் பகற்பொழுதிலும் இருண்டே தோன்றும் என்பது பண்புடைமை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் உண்மை. நகைக்கத் தெரிதலை அவர் பண்போடு சேர்த்து வைத்தது எண்ணத்தக்கது. பண்பில்லாத நகை புண்படுத்தும். பண்புள்ள நகை ஒளி தரும். விழாக் காலத்தில் இல்லத்தில் எவரேனும் முகம் வாடியிருப்பின், இளையோர் முதலில் அவர் கையிலுள்ள வேலையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இனிய விளையாட்டுச் சொல் ஒன்றைக் கூறுதல் வேண்டும். கையும் சொல்லும் அவ்வாறு சேர்ந்து வருமாயின், எத்துணைப் பெரிய சுமையும் தூக்கத்தக்க அளவினதாகும்.